அம்மாவின் புதுச் சர்க்கரை மாத்திரையும் தைப்பூச விரதமும்

கேள்வி சுருக்கமாக இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 62, சர்க்கரை வந்து 14 வருடம். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 1 கிராம், காலையில் கிளிமிபிரைடு 4 மி.கி., பி.பி.க்கு எனாலபிரில் 10 மி.கி. எடுக்கிறார். மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் எம்பாகிளிஃபிளோசின் 10 மி.கி. சேர்த்தார். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.4 இருந்தது, இப்போது 8.0. அதே சமயம் கிட்னியின் வடிகட்டும் அளவைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 52-இலிருந்து 48-க்கு இறங்கிவிட்டது. "விலை கூடின மாத்திரை, சுகரையும் குறைக்கவில்லை, கிட்னியையும் கெடுக்கிறது" என்று நிறுத்தப் பார்க்கிறீர்கள். தங்கச்சி வாராந்தர ஊசிக்கு மாற்றலாம் என்கிறார். அம்மாவோ தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார்.

மாத்திரையை அந்தக் காரணத்துக்காக நிறுத்தாதீர்கள். ஆனால் விரதத்தில் சாப்பாடு குறையும் நாட்களில் கட்டாயம் நிறுத்தி வைக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியலாம். மாத்திரை வேலை செய்யும் விதம் புரிந்தால் குழப்பம் போய்விடும்.

கிட்னி ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் சேர்ந்து வெளியே வரும். அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதத்துக்குப் பெயர் எஸ்.ஜி.எல்.டி.2. எம்பாகிளிஃபிளோசின், டாபாகிளிஃபிளோசின் போன்றவை அந்தப் புரதத்தை அடைத்துவிடுகின்றன. அதனால் ஒரு நாளைக்குச் சுமார் 60 முதல் 80 கிராம் சர்க்கரை சிறுநீரில் போய்விடும். இது கிட்னி நன்றாக வடிகட்டும் ஆளுக்கான கணக்கு. வடிகட்டுவதே குறைந்தால் வெளியேறும் சர்க்கரையும் குறையும். இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் இந்த மாத்திரையால் சுகர் பெரிதாக இறங்காது. உங்கள் அம்மா அந்த எல்லையின் பக்கத்தில் இருக்கிறார், அதனால்தான் 0.4 மட்டும் குறைந்திருக்கிறது. மாத்திரை தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

டாக்டர் இதைச் சேர்த்தது முக்கியமாக இதயத்துக்கும் கிட்னிக்கும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். யூரின் டெஸ்ட்டில் அல்புமின் (கிட்னி கசிந்தால் சிறுநீரில் வரும் புரதம்) 18 என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே லேபில் அது சிறுநீரில் உள்ள ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்ற கணக்கு. 3-க்குக் கீழே இருந்தால் சரி, 3 முதல் 30 வரை கிட்னி கசிய ஆரம்பித்துவிட்டது, 30-க்கு மேல் கசிவு கடுமை. இதய நோயோ கிட்னி நோயோ உள்ளவர்களிடம் இந்த வகை மாத்திரைகள் என்ன செய்கின்றன என்று கடந்த பத்து வருடமாகப் பெரிய ஆய்வுகள் நடந்தன. 2015-இல் வந்த எம்பா-ரெக் ஆய்வில் சர்க்கரையும் இதய நோயும் உள்ள 7,020 பேரைச் சுமார் மூன்று வருடம் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 6 பேர் இதயக் கோளாறால் இறந்தார்கள். எம்பாகிளிஃபிளோசின் எடுத்தவர்களில் அது 4-க்கும் கீழே. 2020-இல் டாபா-சி.கே.டி. ஆய்வில் கிட்னி பாதி இழப்பது, டயாலிசிஸ் வரை போவது, கிட்னி அல்லது இதயக் கோளாறால் இறப்பது எல்லாம் சேர்ந்து 39 சதவீதம் குறைந்தது. அதில் சர்க்கரையே இல்லாத கிட்னி நோயாளிகளும் இருந்தார்கள். சுகரைக் குறைத்ததால் மட்டும் வந்த நன்மை இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆகவே இந்த மாத்திரையை எச்.பி.ஏ.1.சி.யை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அல்புமின் டெஸ்ட்டைப் பாருங்கள், அது இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

52-இலிருந்து 48-க்கு இறங்கியதும் எதிர்பார்த்ததே. சர்க்கரை நோயில் கிட்னியின் நுண் வடிகட்டிகளுக்குள் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் அதிகமாக வடிகட்டிக்கொண்டே அவை மெல்லச் சிதைகின்றன. மாத்திரை அந்த அழுத்தத்தைத் தணிக்கிறது, அதனால் முதல் சில வாரங்களில் எண் கொஞ்சம் சரியும். பிறகு அங்கேயே நின்று, மாத்திரை எடுக்காதவர்களைவிட மெதுவாகத்தான் இறங்கும். எனாலபிரில் தொடங்கும்போதும் இதேதான் நடக்கும். முதல் சரிவு 30 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக மருந்தைத் தொடர்வார்கள். உங்கள் அம்மாவுக்கு 8 சதவீதம்கூட இல்லை. கவனம் வேறு இடத்தில் வேண்டும்: 45-க்குக் கீழே இறங்கினால் மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு மொத்தம் 1 கிராமுக்குக் குறைக்க வேண்டியிருக்கும், 30-க்குக் கீழே போனால் அடியோடு நிறுத்த வேண்டும். அடுத்த ரத்தப் பரிசோதனையின்போது இதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். 14 வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு வைட்டமின் பி12-உம் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. காலில் மரத்துப்போகும் உணர்வு பி12 குறைவாலும் வரும்.

இந்த மாத்திரையில் பெண்களுக்கு அடிக்கடி வரும் தொந்தரவு ஒன்றுண்டு, வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. சிறுநீரில் சர்க்கரை போவதால் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வந்து அரிக்கும், வெள்ளை படும். ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இது வரும். சிறுநீர் கழித்ததும் வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்து உலர வைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். வந்தால் கிளோட்ரிமசோல் கிரீமிலேயே சரியாகிவிடும். அம்மாவிடம் மகள் கேட்டால் சொல்வார், மகனிடம் சொல்லமாட்டார். தங்கச்சியைக் கேட்கச் சொல்லுங்கள். இந்த அரிப்புக்காகவே டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுபவர்கள் நிறைய. அரிப்பாக இல்லாமல் அந்தப் பகுதி வீங்கி, கடுமையாக வலித்து, காய்ச்சலும் வந்தால் அது வேறு. மிக அரிது, ஆனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது தங்கச்சி சொன்ன ஊசி. செமாகுளுடைடு, டிர்செபடைடு இரண்டும் நல்ல மருந்துகள், சந்தேகமில்லை. 2024-இல் வந்த ஃப்ளோ ஆய்வில் சர்க்கரையும் கிட்னி நோயும் சேர்ந்தவர்களுக்கு வாரம் 1 மி.கி. செமாகுளுடைடு பெரிய கிட்னிப் பாதிப்புகளை 24 சதவீதம் குறைத்தது. ஆகவே அம்மாவுக்குப் பின்னால் ஒரு நாள் அது பொருத்தமாக வரலாம். ஆனால் எம்பாகிளிஃபிளோசினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊசியை வைக்கக் காரணமில்லை, இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்கின்றன, சேர்த்தும் கொடுப்பார்கள். தைப்பூசத்துக்கு முன்னால் புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். வாரம் 0.25 மி.கி. என்று நான்கு வாரம், பிறகு 0.5 என்று மெல்ல ஏற்ற வேண்டிய மருந்து செமாகுளுடைடு. ஏற்றும் காலத்தில்தான் குமட்டலும் வாந்தியும் மலச்சிக்கலும் வரும். விரதம், வெயில், வாந்தி மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் கிட்னி தாங்காது. தொடங்குவதற்கு முன் கண்ணின் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். 2016-இல் வந்த செமாகுளுடைடு ஆய்வில், ஏற்கெனவே விழித்திரை பாதித்தவர்களுக்குச் சர்க்கரை வேகமாக இறங்கியபோது கண் இன்னும் மோசமானது தெரிந்தது. கிளிமிபிரைடின் அளவையும் அப்போதே குறைக்க வேண்டும், இல்லையென்றால் லோ சுகர் வரும். ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்ஆப்பிலோ மலிவாக வரும் ஊசிப் பேனாவை வாங்காதீர்கள். போலி செமாகுளுடைடு பற்றி இந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவே எச்சரித்திருக்கிறது. பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருங்கள். ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள். ஊசிக்கு இவ்வளவு போதும்.

விரதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஆபத்து உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

எம்பாகிளிஃபிளோசின் எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். பொதுவாக அந்த நிலையில் சுகர் 20, 25 (இங்கே மீட்டரில் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு) என்று ஏறி நிற்கும், யாரும் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். இந்த மாத்திரையில் சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டே இருப்பதால் மீட்டர் 9, 10, 11 என்றுதான் காட்டும். உள்ளே உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனைக் குவித்துக்கொண்டிருக்கும். மீட்டரைப் பார்த்துவிட்டு "சுகர் நன்றாகத்தானே இருக்கிறது, விரதக் களைப்பு" என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சில நேரம் எமர்ஜென்சியிலும் அதைத்தான் சொல்வார்கள். வாந்தி, வயிற்று வலி, வழக்கத்துக்கு மாறான களைப்பு, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் சுகர் எண்ணை நம்பாதீர்கள். மருந்துக் கடைகளில் ரத்தக் கீட்டோன் பார்க்கும் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் கிடைக்கும், தைப்பூசத்துக்கு முன் ஒன்று வாங்கி வையுங்கள். 0.6-க்குக் கீழே சரி. 0.6 முதல் 1.5 வரை இருந்தால் விரதத்தை விட்டுச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினாலும், எண் எதுவாக இருந்து வாந்தி நிற்காவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். அங்கே போனதும் முதல் வாக்கியமாக "எம்பாகிளிஃபிளோசின் எடுக்கிறார், கீட்டோன் பாருங்கள்" என்று சொல்லுங்கள். மாத்திரைப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். டைப் 2 சர்க்கரையில் இது அரிதுதான். ஆனால் பட்டினி, தண்ணீர் வற்றுவது, ஆபரேஷன், காய்ச்சல் ஆகிய நான்கும் அதை வரவழைக்கும் முக்கியக் காரணங்கள். காவடி நாளில் அவற்றில் இரண்டு கூடவே வந்துவிடுகின்றன.

ஆகவே அம்மா என்ன மாதிரி விரதம் இருக்கப் போகிறார் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொடியேற்றத்திலிருந்து மரக்கறிச் சாப்பாடு, ஆனால் மூன்று வேளையும் சாப்பிடுவார் என்றால் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. பால்குடம் எடுக்கும் நாளில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடமாட்டார் என்றால், அதற்கு மூன்று நாள் முன்னாலேயே எம்பாகிளிஃபிளோசினை நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு முன் நிறுத்தும் கணக்கும் அதே மூன்று நாள்தான். அன்று காலை மட்டும் விட்டால் போதாது, மருந்தின் வேலை உடம்பில் இரண்டு மூன்று நாள் நிற்கும். பத்து நாளும் ஒரு வேளைச் சாப்பாடுதான் என்றால், விரதம் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால் நிறுத்தி, முடிந்து பழையபடி சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த இரண்டாம் நாள் திரும்பத் தொடங்கலாம். நிறுத்திய நாட்களில் சுகர் கொஞ்சம் ஏறும். ஒரு வாரத்துக்கு 12 வரை போனால் பயப்படாதீர்கள், அதற்காகக் கிளிமிபிரைடைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கிளிமிபிரைடுக்குக் கதை நேர் எதிர். அது சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் 4 மி.கி. போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனால் பத்து, பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழலாம். கூட்டத்தில் அதைச் சாமி வந்ததாகக்கூட நினைத்துவிடுவார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டு நாட்களில் அந்த ஒரு வேளையோடு மட்டும், பாதி அளவு போதும் என்று டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவார்கள். முழுப் பட்டினி நாளில் அறவே வேண்டாம். மெட்ஃபார்மின் தனியாக லோ சுகர் கொண்டுவராது, சாப்பிடும் வேளையோடு கொடுங்கள், பட்டினி நாளில் விடுங்கள். இந்த அளவுகளை உங்கள் டாக்டரிடம் காட்டி, அவர் கையால் நாள் நாளாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அம்மாவின் கிட்னி எண்ணைப் பார்த்து அவர் மாற்றலாம். இன்சுலின் போடுபவர் யாராவது இதைப் படித்தால், இந்தக் கணக்கை வைத்து இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

சுகர் 4-க்குக் கீழே போனால் (ஊரில் உள்ள சொந்தக்காரர்களிடம் போனில் சொல்லும்போது 18-ஆல் பெருக்குங்கள், 72 என்றால் அவர்களுக்குப் புரியும்) விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அது 15 கிராம். அல்லது அரை டம்ளர் சாதாரண கோக், டயட் கோக் உதவாது. பிரசாத லட்டோ பர்ஃபியோ கொடுக்காதீர்கள், நெய் இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு. ஏறியதும் சோறோ ரொட்டியோ சாப்பிட வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கிட்னி குறைந்தவருக்குக் கிளிமிபிரைடு உடம்பில் நீண்ட நேரம் தங்கும், ஒரு தடவை ஏறிய சுகர் ராத்திரி திரும்ப இறங்கலாம். அன்றிரவு அம்மாவைத் தனியாகப் படுக்க விடாதீர்கள், படுக்கும் முன்னும் விடிகாலையிலும் விரலில் குத்திப் பாருங்கள். மேல்பக்கம் 16-ஐத் தாண்டினாலும் விரதத்தை முடித்துவிட வேண்டும்.

மரக்கறி விரதம் என்றால் சுகர் தானாகக் குறையும் என்று நினைக்கிறோம், பல வீடுகளில் ஏறவே செய்கிறது. சோறு, உருளைக்கிழங்குக் கறி, ரொட்டி, மதும்பி (சேப்பங்கிழங்கு), பாயசம் என்று தட்டு முழுக்க மாவுச்சத்து. ஒரு கப் சோற்றில் மட்டும் சுமார் 45 கிராம். சோற்றை ஒரு கப்போடு நிறுத்தி, பருப்பைத் தண்ணீராக இல்லாமல் கெட்டியாக, சுகர் பீன்ஸ் (இங்கே கிடைக்கும் ஒரு வகைக் காய்ந்த பீன்ஸ்) கறியோ கத்தரிக்காயோ முட்டைக்கோஸோ பாதித் தட்டு வையுங்கள். சோறு இருக்கும் வேளையில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் வேண்டாம்.

டர்பனில் தைப்பூசம் கோடைக்காலத்தின் நடுவில் வருகிறது, வெயிலும் புழுக்கமும் சேரும். தண்ணீர் வற்றும் நாளில் எனாலபிரில் கிட்னியை இன்னும் அழுத்தும், வாந்தியோ பேதியோ வந்தால் அன்றைக்கு அதை நிறுத்தி வையுங்கள். நடந்து வந்தபிறகு கால் வலிக்கு மைப்ரோடால் கொடுக்கும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதில் இபுப்ரோஃபென் இருக்கிறது. கிராண்ட்-பா பவுடரில் ஆஸ்பிரின் இருக்கிறது. தண்ணீர் வற்றிய உடம்பில், எனாலபிரிலோடு, 48 எண்ணுள்ள கிட்னிக்கு இவை இரண்டுமே வேண்டாம். வெறும் பாரசிட்டமால் 1 கிராம் போதும். தண்ணீர் கூட விரதத்தில் கூடாது என்று அம்மா சொன்னால், அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கோயில் குருக்களிடமே பேசுங்கள், நோயாளி தண்ணீரும் மோரும் குடிக்கக் கூடாது என்று அவர்கள் சொல்வது அரிது.

அடுத்தது, அம்மாவின் கால் மரத்திருக்கிறதா என்பது. வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அம்மாவைப் படுக்க வைத்து கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் ஒரு காலின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒரு நொடி, அழுத்தாமல் தொடுங்கள். பிறகு அடுத்த கால். தட்டவோ தடவவோ கூடாது, தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் மரத்திருக்கிறது. அப்படிப்பட்டவர் பிப்ரவரி வெயிலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்கால் வெந்து கொப்பளிக்கும், வலியே தெரியாது. மறுநாள் சாக்ஸ் நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள், அதற்குள் சீழ் பிடித்திருக்கும். பால்குடத்தைக் கோயில் வளாகத்துக்குள் புல்லிலும் நிழலிலும் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வெளியே நடக்கும் இடத்தில் செருப்போடு நடக்கட்டும். அன்று சாயந்தரம் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். சின்னக் கொப்பளமாக இருந்தாலும் குத்தாமல், சுத்தமான துணியால் மூடி மறுநாளே கிளினிக்கில் காட்டுங்கள்.

அரசுக் கிளினிக்கில் மாதாமாதம் மருந்து வாங்குபவர்களுக்கு எம்பாகிளிஃபிளோசின் எளிதாகக் கிடைப்பதில்லை, மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தாலும் டாக்டரின் விளக்கக் கடிதம் கேட்கலாம். கடிதத்தில் சுகர் எண்ணை மட்டும் எழுதினால் திருப்பிவிடக்கூடும். இ.ஜி.எஃப்.ஆர்., அல்புமின் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். செலவு தாங்காமல் போனால் மனம் உடைய வேண்டாம். அல்புமின் கசியும் அம்மாவுக்கு எனாலபிரில் 10 மி.கி. குறைவாக இருக்கலாம், பொட்டாசியம் பார்த்துக்கொண்டு 20 வரை ஏற்ற இடமிருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. 62 வயதில், 14 வருடச் சர்க்கரையோடு, கிட்னியும் கசியும் ஒருவர் ஸ்டாட்டின் எடுக்கவில்லை என்றால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். இரண்டுமே மலிவு, இரண்டுமே கிளினிக்கில் கிடைக்கும், புது மாத்திரையும் இவற்றுக்கு மேலே சேர்ப்பதுதான்.

அடுத்த அல்புமின் டெஸ்ட்டைத் தைப்பூசம் முடிந்த கையோடு கொடுக்காதீர்கள். நீண்ட நடை, காய்ச்சல், யூரின் இன்ஃபெக்ஷன் எல்லாம் அந்த எண்ணைச் சில நாளைக்கு ஏற்றிக் காட்டும். மாத்திரையை மறுபடி தொடங்கி ஒரு மாதம் போகட்டும். பிறகு காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொடுத்து, அதே நாளில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ் நான்கு பிளஸ் என்று லேபில் எழுதுவார்கள், இந்த மாத்திரை எடுக்கும்வரை அது அப்படித்தான் இருக்கும்.